அப்பாவின் யாஷிகா மேட் 124ஜி கேமரா: ஒரு வினாடி வேகம் ஓடாமல் நின்றுவிடுகிறது

கெடிலக்கரை | கடலூர் | ஜனவரி 19, இரவு 9.40

வணக்கம். அப்பா மஞ்சக்குப்பத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் ஸ்டூடியோ வைத்திருந்தார். டிஜிட்டல் வந்த பிறகு வாடகைக்கே வருமானம் போதவில்லை; 2007இல் மூடினார். என்லார்ஜர், விளக்குகள், ஓவியத் திரை எல்லாம் விலைக்குப் போயின. அவர் விற்க மறுத்தது யாஷிகா மேட் 124ஜி ஒன்றைத்தான். பாடலீஸ்வரர் கோயில் வைகாசித் தேர், தேவனாம்பட்டினத்து மாசி மகம், எத்தனையோ கல்யாணங்கள் எல்லாம் அந்த இரட்டை லென்ஸ் பெட்டி வழியாகத்தான் போயிருக்கின்றன.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் எங்கள் ஓட்டுக் கூரையில் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போனது. பரணில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியது. கேமராவைத் துடைத்து, ஈரம் காயாத தோல் பையிலேயே போட்டு மூடி வைத்தோம். இந்தப் போகிக்கு வீடு ஒழித்தபோதுதான் மறுபடி வெளியே எடுத்தேன்.

இப்போதைய நிலை: சுற்றும் கைப்பிடி தடையில்லாமல் சுற்றுகிறது. படம் எடுக்கும் லென்ஸுக்குள் சிலந்தி நூல் போல வெள்ளைக் கோடுகள். மேலே மூடியைத் திறந்து பார்த்தால், பிம்பத்தை மேலே திருப்பும் உள்கண்ணாடியில் பழுப்புத் திட்டுகள். பேட்டரி அறையில் பச்சைக் களிம்பு. பின்கதவின் ஓரத்து ஸ்பாஞ்ச் தார் போல உருகி விரலில் ஒட்டுகிறது.

அப்பாவுக்கு 74 வயது. சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டுவிட்டது. நேரே பார்க்கும் இடம் மங்கல், ஓரப் பார்வை மட்டும் மிச்சம். கேமராவைக் கையில் கொடுத்தேன். லென்ஸுக்குப் பக்கத்தில் உள்ள சக்கரத்தைத் தடவி ஒரு வினாடிக்குக் கொண்டுபோனார், கைப்பிடியைச் சுற்றினார், அழுத்தினார். 'கிர்ர்' என்று எழுந்த ஓசை பாதியில் நின்றது. லென்ஸுக்குள் திறந்து மூடும் ஷட்டர் இதழ்கள் திறந்தபடியே இருந்தன. "ஒன்று தூங்கிவிட்டது" என்றார். பிறகு 1/2, 1/4, 1/8 வினாடி என்று ஒவ்வொரு வேகமாகக் காதருகே வைத்துக் கேட்டார். "இரண்டும் நாலும் தூங்குகிறது. எட்டு இழுக்கிறது. பதினைந்து கொஞ்சம் சோம்பல். முப்பதிலிருந்து ஓடும்."

மாசி மகத்துக்கு முன் இதை ஓட வைக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

இருட்டறை | முத்தியால்பேட்டை, புதுச்சேரி | ஜனவரி 19, இரவு 10.25

முதலில் உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். நான் புதுச்சேரியில் இரண்டு ஸ்டூடியோக்களில் இருட்டறை வேலை பார்த்தவன். அவர் சொன்ன மூன்று வரியில் நோய் முழுவதும் இருக்கிறது.

இந்த ஷட்டரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. இதழ்களைத் திறந்து மூடுவது வில்லின் வேலை. மூடுவதைத் தாமதப்படுத்துவது சிறு பற்சக்கரத் தொகுதியின் வேலை. நீங்கள் கேட்கும் 'கிர்ர்' அதன் குரல். மெதுவான வேகங்கள் எல்லாம் அதை நம்பியே இருக்கின்றன. வேகமானவை ஓடி, மெதுவானவை தூங்கினால், இதழ்கள் நலம், பற்சக்கரத்தில் பழைய எண்ணெய் பிசினாகிவிட்டது என்று பொருள்.

இரண்டு எச்சரிக்கைகள். லென்ஸ் ஓரத்தில் எம், எக்ஸ், வி என்று சிறு நெம்பு இருக்கும். அதை 'வி' பக்கம் தள்ளவே தள்ளாதீர்கள். அது தானாக எடுக்கும் டைமர். பழைய ஷட்டரில் அது நடுவழியில் சிக்கினால் எல்லாம் பூட்டிக்கொள்ளும். இரண்டாவது, 1/500 வேண்டுமென்றால் கைப்பிடியைச் சுற்றும் முன்பே வைத்துவிடுங்கள்.

யாராவது முன்பு எண்ணெய் விட்டார்களா? கேட்டுச் சொல்லுங்கள்.

முதுநகர் கடிகாரம் | கடலூர் முதுநகர் | ஜனவரி 20, காலை 6.10

தம்பி, திருப்புளியை எடுக்காதீர்கள். நாற்பது ஆண்டுகளாகக் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறேன். என்னிடம் வரும் கடிகாரங்களில் பாதி, வீட்டில் திறந்து பார்த்த பிறகு வருபவை. ஜப்பான் கேமராக்களின் கூட்டல் திருகு நம் ஊர் திருப்புளி முனைக்குச் சரியாகப் பொருந்தாது. வழுக்கித் தலை மழுங்கும். ஜப்பான் அளவு முனை தனியாகக் கிடைக்கிறது. அது இல்லாமல் ஒரு திருகையும் தொட வேண்டாம்.

மின்மினி | லாஸ்பேட்டை, புதுச்சேரி | ஜனவரி 20, காலை 11.30

திறப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு பேசலாம். முதலில் அளந்துவிடுங்கள். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் நடத்தியவள் நான். அளக்காமல் பழுது பார்க்க எனக்கு மனம் வராது.

பின்கதவைத் திறந்து, லென்ஸை வெளிச்சமான ஜன்னல் பக்கம் திருப்பி வையுங்கள். கைப்பேசியை வினாடிக்கு 240 சட்டங்கள் (ஃபிரேம்கள்) எடுக்கும் மெது வீடியோவில் வைத்து, பின்பக்கத்திலிருந்து லென்ஸ் துளையைப் படம் பிடியுங்கள். பிறகு வீடியோவைச் சட்டம் சட்டமாக நகர்த்தி, துளை திறந்திருக்கும் சட்டங்களை எண்ணுங்கள். ஒரு வினாடி என்றால் 240 வர வேண்டும். 1/8 என்றால் 30. 1/15 என்றால் 16. 1/30 என்றால் 8. 1/60 என்றால் 4. அதற்கு மேல் இந்த முறை உதவாது, ஒரு சட்டம் கூடினாலே பெரிய பிழையாகிவிடும். வேகமானவற்றுக்கு ஒளி டிரான்சிஸ்டர் ஒன்றைக் கணினியின் மைக் துளையில் இணைத்து, ஒலிப்பதிவு மென்பொருளில் அலையின் அகலத்தைப் பார்க்கலாம். என்னிடம் அந்தக் கருவி இருக்கிறது. புதுச்சேரிக்கு வரும்போது கொண்டு வாருங்கள்.

பேட்டரி: இதில் ஒளியை அளக்கும் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்தது. பாதரசம் நஞ்சு என்பதால் அவற்றின் உற்பத்தி நின்றுவிட்டது. அதே உருவில் வரும் அல்கலைன் 1.5 வோல்ட், போகப் போக மின்னழுத்தம் சரிந்துகொண்டே வரும், மீட்டரும் கூடவே பொய் சொல்லும். காது மெஷினுக்குப் போடும் 675 துத்தநாகக் காற்று பேட்டரி 1.4 வோல்ட்டில் நிலையாக நிற்கும். விட்டம் 11.6 மில்லிமீட்டர்தான், பழையது 15.6. இடைவெளிக்கு ரப்பர் வளையம் ஒன்று போதும். ஒட்டுத்தாளை உரித்ததும் சில நிமிடம் காற்று வாங்கட்டும். ஒன்றிரண்டு மாதத்தில் தீர்ந்துவிடும், ஆனால் காது மெஷின் விற்கும் கடைகளில் கிடைக்கும். உள்ளே பழைய பாதரச பேட்டரி இருந்தால் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள்.

கெடிலக்கரை | ஜனவரி 22, இரவு 8.15

அக்கா சொன்னபடி அளந்தேன். ஒரு வினாடி, 1/2, 1/4 மூன்றும் திறந்தபடி நின்றன. 1/8இல் 30 வர வேண்டிய இடத்தில் 52. 1/15இல் 21. 1/30இல் 9. 1/60இல் 4. அப்பா காதால் சொன்னதை எண்கள் அப்படியே திருப்பிச் சொல்கின்றன. படித்துக் காட்டியபோது அவர் வியக்கவில்லை. "கல்யாண மேடையில் சக்கரத்தைப் பார்க்க எங்கே நேரம்? காதுதான்" என்றார்.

எண்ணெய் விஷயமும் தெரிந்தது. ஸ்டூடியோ மூடுவதற்கு முன் ஒருமுறை எட்டாம் வேகம் இழுத்தபோது, உறவினர் ஒருவர் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டிருக்கிறார். ஒரு மாதம் நன்றாக ஓடியதாம்.

இருட்டறை | ஜனவரி 22, இரவு 9.05

அதுதான். தையல் மெஷின் எண்ணெய் தூசியை இழுத்துப் பசையாகிவிடும்.

நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். படம் எடுக்கும் லென்ஸின் முன்தொகுதியை ரப்பர் பிடியால் அழுத்தி இடப்பக்கம் திருகினால் கழன்று வரும். நகம், இடுக்கி எதுவும் வேண்டாம். பின்னால் இதழ்கள் தெரியும். லைட்டர் நாப்தாவை ஊசிக் குழலில் எடுத்து இரண்டு மூன்று சொட்டு விட்டு, ஒரு வினாடியில் வைத்துப் பத்து இருபது முறை இயக்குங்கள். பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுங்கள். நாப்தா ஆவியானதும் மறுபடி. பஞ்சு வெள்ளையாக வரும்வரை தொடருங்கள். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், அடுப்பும் விளக்கும் அருகில் கூடாது. லென்ஸைத் திரும்ப மாட்டும்போது கடைசி வரை இறுக வேண்டும், இல்லாவிட்டால் ஃபோகஸ் மாறிவிடும்.

முதுநகர் கடிகாரம் | ஜனவரி 23, காலை 5.50

இருட்டறை ஐயாமேல் மரியாதை உண்டு, ஆனால் இதை நான் ஏற்கவில்லை. கடிகாரத்தில் இப்படித் திரவம் ஊற்றிக் கழுவினால் அழுக்கு வெளியேறாது, இடம் மாறும். இதழ்களுக்கு அது சரி, அவற்றைத் துடைத்துவிடலாம். பற்சக்கரத்தின் அச்சுமுனை சிறு குழிக்குள் இருக்கிறது; அங்கே கரைந்த பிசின் காய்ந்ததும் மீண்டும் அதே குழியில்தான் உட்காரும். நான்கு நாள் ஓடும், ஐந்தாம் நாள் தூங்கும்.

உப்பங்காற்று | குருசுக்குப்பம், புதுச்சேரி | ஜனவரி 23, மாலை 4.40

லென்ஸ் பூசணத்துக்கு: மருந்துக் கடையில் விற்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியா நீரும் சம அளவு கலந்து, லென்ஸ் துடைக்கும் தாளில் தொட்டு, ஐந்து நிமிடம் கண்ணாடிமேல் படுக்க வையுங்கள். தேய்க்க வேண்டாம். பிறகு வடிநீர், கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். கலவையை அப்போதைக்கு அப்போது கலந்து, மீதியைக் கொட்டிவிடுங்கள். மூடி போட்டு வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். நூல்கள் போய்விடும். பூசணம் சுரக்கும் அமிலம் பூச்சை அரித்திருந்தால் தடம் தங்கும். மெல்லிய தடம் படத்தில் தெரிவதில்லை; வெயிலுக்கு எதிரே எடுத்தால் மட்டும் கொஞ்சம் வெளுக்கும். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு மட்டும்தான், அதில் கறை இருந்தாலும் படத்துக்குச் சேதமில்லை.

இந்தக் கேமராவை வேறு லென்ஸ்கள் இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள், தொற்றும்.

மின்மினி | ஜனவரி 23, மாலை 6.20

தொற்று என்பதை நான் அவ்வளவு நம்பவில்லை. பூசண வித்து எல்லா வீட்டுக் காற்றிலும் இருக்கிறது. நம் கடற்கரையில் குறையாதது ஈரம்தான். காற்றின் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்தால் அது முளைக்காது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சிறிய ஈரமானி. இவ்வளவு போதும். ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் மிதமான சூட்டில் வறட்டினால் மறுபடி பயன்படும். அரிசிப் பானையில் புதைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு; அரிசி மாவுத் தூசி லென்ஸுக்குள் போகும், வேண்டாம். தோல் பையில் வைக்கவே கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் கேமராவுக்குப் பூசணம் வந்த வழி அதுவாகத்தான் இருக்கும்.

நெல்லித்தோப்பு | ஜனவரி 24, மாலை 5.00

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் தாத்தா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபோது கொண்டுவந்த பெட்டியில் 'ஃபோகா' என்று எழுதிய கேமரா ஒன்று இருக்கிறது. இதே நாப்தா முறை அதற்கும் பொருந்துமா?

உப்பங்காற்று | ஜனவரி 24, மாலை 5.35

வேண்டாம். ஃபோகா, பாரிஸ் அருகே லெவல்லுவா நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செய்த 35 மி.மீ. கேமரா. அதிலே பல மாடல்களில் ஷட்டர் துணித்திரை. துணியின் ரப்பர் பூச்சில் நாப்தா பட்டால் கெடும். தனி இழை தொடங்கி, படம் போடுங்கள். இருட்டில் உள்ளே டார்ச் அடித்து, திரையில் ஊசித்துளை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கெடிலக்கரை | ஜனவரி 27, இரவு 10.10

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதே வேலை. ஸ்பாஞ்சை மூங்கில் குச்சியாலும் ஆல்கஹாலாலும் சுரண்டி எடுத்தேன். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்தே சுரண்டினேன், தூள் உள்ளே விழக்கூடாது என்று. பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூலைப் பதித்து, கீல் பக்கம் வெல்வெட் நாடா ஒட்டினேன். பேட்டரி அறையைக் காடியால் துடைத்தேன். தகடு பளிச்சென்று வந்துவிட்டது. காது மெஷின் பேட்டரி போட்டு மேல்மூடியைத் திறந்ததும் மீட்டர் முள் எழுந்தது! மூடியைத் திறந்தால் மீட்டர் இயங்கும், மூடினால் அணையும் என்பதையே அன்றுதான் கற்றேன்.

பூசணம் போய்விட்டது. ஓரத்தில் பிறை போல ஒரு தடம் மிச்சம்.

நாப்தாவும் செய்தேன். எட்டாவது பஞ்சுக்குச்சிதான் வெள்ளையாக வந்தது. ஒரு வினாடி ஓடியது! 251 சட்டங்கள். 1/8க்கு 31. அப்பா மடியில் வைத்துக்கொண்டு முப்பது முறையாவது அடித்திருப்பார்.

கெடிலக்கரை | ஜனவரி 31, இரவு 9.20

கடிகார ஐயா சொன்னதே நடந்தது. இன்று காலை அப்பா அடித்துப் பார்த்தார். ஒன்று மறுபடி தூங்கிவிட்டது. 1/4இல் 74 சட்டங்கள், 60 வர வேண்டியது.

இருட்டறை | ஜனவரி 31, இரவு 9.50

ஒப்புக்கொள்கிறேன். ஸ்டூடியோவில் நாங்கள் இப்படிக் கழுவிய கேமராக்கள் தினமும் நூறு இருநூறு முறை அடிபட்டவை. ஓடிக்கொண்டே இருந்ததால் பிசின் உட்கார நேரமில்லை. பதினான்கு ஆண்டு பெட்டிக்குள் கிடந்ததற்கு என் முறை பத்தவில்லை.

முதுநகர் கடிகாரம் | பிப்ரவரி 1, காலை 6.00

தம்பி, மஞ்சக்குப்பத்தில் எந்தத் தெரு ஸ்டூடியோ என்று நேற்றுத்தான் யோசித்தேன். மாடியில், படிக்கட்டுக்குக் கீழே சைக்கிள் கடை இருந்ததா? ஆம் என்றால் உங்கள் அப்பாவை எனக்குத் தெரியும். இருட்டறையில் வைக்க அலாரம் கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்து, வினாடி முள்ளின் நுனியில் மட்டும் இருட்டில் ஒளிரும் பூச்சுப் பூசித் தரச் சொன்னார். முள் முழுவதும் ஒளிர்ந்தால் பிலிம் கெட்டுவிடும் என்று அளவு குறித்துக் கொடுத்தார். அந்த அளவு இன்றும் நினைவிருக்கிறது.

அண்ணனிடம் கேட்டுச் சொல்லுங்கள். ஞாயிறு காலை கருவிகளோடு வருகிறேன். உங்கள் வீட்டு மேசையில், அவர் முன்னாலேயே பார்க்கலாம்.

கெடிலக்கரை | பிப்ரவரி 1, காலை 7.15

ஆம் ஐயா, சைக்கிள் கடை மாடிதான். அப்பா இப்போதே உங்களிடம் பேச வேண்டும் என்கிறார். எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

கெடிலக்கரை | பிப்ரவரி 9, இரவு 11.00

விரிவாக எழுதுகிறேன், இதே கோளாறோடு இன்னொருவர் வருவார், அவருக்குப் பயன்படட்டும்.

ஐயா முதலில் வெள்ளை வேட்டியை மேசைமேல் விரித்தார், திருகு விழுந்தால் தெரிய வேண்டும் என்று. முன்பலகையின் ரெக்சின் உறையை ஆல்கஹால் தொட்டு, ஓரத்திலிருந்து மெல்ல உரித்தார். அடியில் திருகுகள். எந்தத் திருகு எந்த மூலை என்று காகிதத்தில் கேமராவை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வைத்தார். ஒவ்வொரு கட்டத்திலும் நான் கைப்பேசியில் படம் எடுத்தேன். பலகையையும் ஷட்டரின் முன்மூடியையும் எடுத்த பிறகுதான் அந்தப் பற்சக்கரத் தொகுதி கண்ணில் பட்டது. ஒரு ரூபாய் நாணயத்தில் பாதிகூட இல்லை. குழிகளைச் சுற்றிக் கருப்பட்டிப் பாகு போலப் பழுப்பு வளையம்.

தொகுதியைத் தனியே கழற்றி நாப்தாவில் ஊற வைத்து, குழிகளைக் கூர் சீவிய தீக்குச்சியால் சுழற்றிச் சுழற்றித் துடைத்தார். மூன்று முறை. அதன் பிறகு கடிகார எண்ணெய். கம்பி நுனியில் எடுத்த அளவைப் பார்த்து, ஒன்றும் எடுக்கவில்லையே என்று நினைத்தேன். அச்சுமுனைகளுக்கு மட்டும் அது. பற்களுக்கு இல்லை, இதழ்களுக்கு அறவே இல்லை. இதழில் எண்ணெய் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டும்.

மாட்டி முடித்ததும் அப்பா கேட்டார். ஒரு வினாடி. "ஓடுகிறது, ஆனால் கடைசியில் கால் இடறுகிறது" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஐயா மறுபடி கழற்றி, பூதக்கண்ணாடியில் பார்த்தபோது பல்லொன்றின் இடுக்கில் பஞ்சு இழை. நான் முதல்முறை குத்திய பஞ்சுக்குச்சியின் இழையாகத்தான் இருக்கும். அதை எடுத்த பிறகு 243 சட்டங்கள். இன்று எட்டாம் நாள், இன்னும் 243தான்.

அடுத்து உள்கண்ணாடி. கண்ணாடிக் கடையில் வெட்டி வாங்கலாமா?

மின்மினி | பிப்ரவரி 10, காலை 10.45

முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டாம். அதில் வெள்ளிப் பூச்சு பின்பக்கம். ஒளி கண்ணாடிக்குள் புகுந்து திரும்புவதால் பிம்பம் இரட்டையாகத் தெரியும், ஃபோகஸ் தளமும் நகரும். முன்முகப் பூச்சுக் கண்ணாடிதான் வேண்டும். பழைய ஸ்கேனர்களுக்குள் நீளப் பட்டையாக அது இருக்கிறது. காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் ஓடாத ஸ்கேனர்கள் எடைக்குக் கிடைக்கும். பட்டை அகலம் போதுமா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள், தடிமனும் பழைய கண்ணாடியோடு ஒத்துப்போக வேண்டும். பூச்சில் விரல் படக்கூடாது. கண்ணாடி வெட்டும்போது பூச்சுப் பக்கம் தாள் ஒட்டி, மறுபக்கம் கோடு இழுக்கச் சொல்லுங்கள்.

மாற்றிய பின் ஃபோகஸைச் சோதிக்காமல் பிலிம் போடாதீர்கள். பின்கதவைத் திறந்து, பிலிம் ஓடும் தண்டவாளங்கள்மேல் டிரேசிங் தாளை இழுத்து ஒட்டி, 'பி'யில் ஷட்டரைத் திறந்து பிடித்து, லென்ஸ் துளை முழுதாகத் திறக்கும் எஃப் 3.5இல் தொலைவில் உள்ள பொருளைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். மேலே தெளிவு, கீழே மங்கல் என்றால் கண்ணாடி சரியாக உட்காரவில்லை. வரும்போது வேகச் சோதனையும் முடித்துவிடலாம்.

கெடிலக்கரை | பிப்ரவரி 17, இரவு 8.30

சந்தையில் ஸ்கேனர் கிடைத்தது. கெடிலத்தின் அக்கரையில் உள்ள செல்போன் கோபுரத்தை வைத்து ஃபோகஸ் பார்த்தேன். மேலும் கீழும் ஒன்றுபோல். அக்கா வீட்டில் அளந்தபோது 1/250 சரியாக இருந்தது. 1/500 மட்டும் 1/350 அளவில் நிற்கிறது.

மின்மினி | பிப்ரவரி 17, இரவு 9.00

ஒளியளவில் அரை ஸ்டாப் (அரைப் படி) பிழை. நெகட்டிவ் பிலிம் அதைத் தாங்கும். வில்லை இறுக்கிச் சரிசெய்ய முனையாதீர்கள்.

இருட்டறை | பிப்ரவரி 18, காலை 9.30

இனி என் பகுதி. பின்னால் உள்ள அழுத்தும் தகடு 120 பிலிமுக்கு உரிய பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தி நகர்த்தினால் 220க்கு மாறும். 220க்கு முதுகுத்தாள் கிடையாது, ஆகவே இடைவெளி வேறு. இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் கறுப்பு வெள்ளை பிலிம் ஒரு ரோல் வாங்குங்கள்.

டெவலப்பர் டி-76ஐ நான் இன்றும் கையால்தான் கலக்கிறேன். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. 50 டிகிரி வெந்நீரில் ஒரு சிட்டிகை சல்பைட், பிறகு மெட்டால், அது முழுக்கக் கரைந்த பின்தான் மீதிச் சல்பைட். முறை மாறினால் மெட்டால் கரையாது.

20 டிகிரியில் ஏழரை நிமிடம் என்பது கணக்கு. நம் குழாய்த் தண்ணீர் மார்ச்சில் 28, 29 வந்துவிடும். பெரிய தொட்டியில் ஐஸ் போட்டு, டெவலப்பர், ஹைப்போ (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்), கழுவும் நீர் எல்லாவற்றையும் 24க்குக் கொண்டுவாருங்கள். அங்கே ஐந்தேகால் நிமிடம். ஹைப்போவில் லிட்டருக்கு 15 கிராம் படிகாரம் போடுவோம், பிலிமின் ஜெல்லிப் பூச்சு இளகாமல் இருக்க. ஊட்டியின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பிலிமையும் தாளையும் கழுவிய காலத்தில் சித்திரை வெயிலில் படிகாரம் இல்லாமல் வேலையே நடக்காது.

மின்மினி | பிப்ரவரி 18, பகல் 12.10

இன்றைய எச்பி5க்குத் தயாரிப்பிலேயே கடினமூட்டியிருக்கிறார்கள். 24 டிகிரியில் படிகாரம் தேவையில்லை. போட்டால் கழுவும் நேரம் கூடும். படிகாரமில்லாத ஹைப்போ என்றால் தொட்டியை நிரப்பி 5 முறை கவிழ்த்து, கொட்டி, 10 முறை, பிறகு 20 முறை என்று மூன்று நீரில் வேலை முடியும். கடைசி அலசல் மட்டும் வடிநீரில். நம் நிலத்தடி நீரின் உப்பு காய்ந்தால் நெகட்டிவில் புள்ளி விழும்.

இருட்டறை | பிப்ரவரி 18, பகல் 12.40

சரி, படிகாரத்தை விட்டுவிடுங்கள். இன்னொன்று: அப்பாவின் பழைய நெகட்டிவ்களை எறிந்துவிடாதீர்கள். 1955 முதல் இங்கே இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ் ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடி எண்மமாக்கியிருக்கிறது. ஊரின் முகம் அந்த டப்பாக்களில்தான் இருக்கிறது.

கெடிலக்கரை | மார்ச் 8, இரவு 10.30

மாசி மகத்தன்று அப்பாவைத் தேவனாம்பட்டினம் அழைத்துப் போனேன். சாமிகள் மணலில் வரிசையாக இறங்கி நின்றன. மூடியைத் திறந்து குனிந்தார். நடுவில் ஒன்றும் தெரியவில்லை என்றார். நான் சாமிக்கும் கேமராவுக்கும் இடையே காலடி வைத்து எண்ணிச் சொல்ல, அவர் ஃபோகஸ் குமிழை அந்த அடிக்குத் திருப்பச் சொன்னார். 1/500ஐத் தவிர்த்து, 1/250, எஃப் 22. சட்டத்துக்குள் எது வருகிறது என்பதை ஓரப் பார்வையால் பார்த்துக்கொண்டார். தீர்த்தவாரிக் கூட்டம் தள்ளியபோதும் கேமரா அவர் வயிற்றைவிட்டு அசையவில்லை. ஒன்பது படம் எடுத்தார். மூன்றை மிச்சம் வைத்தார்.

அடுத்த நாள் வீட்டில், அம்மா அடுப்படி ஜன்னல் அருகே உட்கார்ந்திருந்தபோது முக்காலியில் கேமராவை வைக்கச் சொன்னார். டேப்பால் ஏழு அடி அளந்தேன். ஒரு வினாடி, எஃப் 11. மூன்று முறை அடித்தார். மூன்று முறையும் ஓசை முடியும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நேற்று இருட்டறை ஐயா வீட்டில் கழுவினோம், 24 டிகிரி, ஐந்தேகால் நிமிடம். பன்னிரண்டும் வந்திருக்கின்றன. கடற்கரைப் படங்களில் இரண்டு வெளுத்திருக்கின்றன, சூரியனுக்கு எதிரே எடுத்தவை. அந்தப் பிறைத் தடத்தின் வேலை. அம்மாவின் மூன்றில் ஒன்றில் அவர் கரண்டியைத் திருப்பியிருக்கிறார், அது மட்டும் கலங்கல். முகத்தின் சுருக்கம், ஜன்னல் கம்பி, பின்னால் தொங்கும் முறம் எல்லாம் ஊசி போல விழுந்திருக்கின்றன.

ஒரு குறை: 9க்கும் 10க்கும் நடுவே இடைவெளி மயிரிழைதான். ஏன்?

இருட்டறை | மார்ச் 8, இரவு 10.55

அதற்காக எதையும் கழற்ற வேண்டாம். தாளை மாட்டி அம்புக்குறி புள்ளிக்கு வரும்வரை சுற்றும்போது, பிலிம் உருளையைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பிடியுங்கள். தளர்வாக ஏறினால் இடைவெளி மாறும்.

முதுநகர் கடிகாரம் | மார்ச் 9, காலை 5.45

தம்பி, அம்மாவின் அந்த மூன்றாவது படத்தில் எனக்கொரு பிரதி வேண்டும். ஞாயிறு வருகிறேன். ஒன்றை மறுபடி எண்ணி வையுங்கள், 243 நிற்கிறதா என்று பார்ப்போம்.